தேய்பிறை முகூர்த்தம்

கிளாடிஸ் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கின. ஒன்று பங்குக் கோயிலில் கொடுத்தது. புனிதர்களின் திருநாட்களும் நோன்பு நாட்களும் அதில் இருக்கும். இன்னொன்று மளிகைக் கடையில் கேட்டு வாங்கி வந்த தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், சூலம், கீழே மூலையில் அன்றைக்கு முகூர்த்தம் உண்டா இல்லையா என்ற விவரம். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கிற குடும்பத்தில் அந்தக் காலண்டருக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. யூஃபோனியம் வந்த பிறகுதான் அதுவும் வந்தது.

"ஏனுங்கக்கா, முகூர்த்த நாளாவே பொரட்டிப் பொரட்டிப் பாக்கறீங்க? எட்டாவது படிக்கிற புள்ளைக்கு அதுக்குள்ள மாப்பிள்ளை தேடறீங்களா?" என்று பக்கத்து வீட்டு சண்முகப்பிரியா கேலி செய்வாள்.

"மாப்பிள்ளையாவது தேடுனா கெடைச்சிருவான் பிரியா. இது ஊருக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்பாள் கிளாடிஸ்.

சரவணம்பட்டியில் டெய்சி படிக்கிற பள்ளியில் பேண்டு குழு ஒன்று இருந்தது. டிரம், டிரம்பெட், புல்லாங்குழல் எல்லாம் பள்ளிக்கூடமே வைத்திருந்தது. யூஃபோனியம் மட்டும் ஒன்றுதான். பித்தளைக் குழாயைச் சுருட்டிச் சுருட்டி, மேலே வாயை அகல விரித்து விட்டதுபோல இருக்கும். டிரம்பெட்டுக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். குரலும் அப்படித்தான் அடங்கி, கனத்து வரும். அந்த ஒன்றை மிதுன் என்கிற பத்தாம் வகுப்புப் பையன் வாசித்தான். இன்னொன்று இருந்தால்தான் வரிசை எடுபடும் என்றார் பேண்டு மாஸ்டர் தேவானந்தம். ஜூன் மாதம் ஆள் எடுத்தபோது பிள்ளைகள் எல்லோரும் டிரம்பெட் பக்கம் ஓட, டெய்சி இருந்த இடத்திலேயே நின்றிருக்கிறாள். "இந்தப் பொண்ணுக்கு மூச்சு இருக்குதுங்க. வாத்தியத்தை மட்டும் நீங்க எங்கயாவது வாடகைக்குப் புடிச்சுக் குடுத்துருங்க" என்று மாஸ்டர் கிளாடிஸுக்குச் சொல்லியனுப்பினார்.

டெய்சி தானாக ஓரிடத்தில் நின்றாள் என்பதே கிளாடிஸுக்குப் பெரிய செய்தி. அதற்கு முந்தைய நவம்பரில் டெய்சியின் அப்பா பிராங்க் இறந்துபோனான். கணபதியில் ஒரு பவுண்டரியில் சூப்பர்வைசர். காலையில் வேலைக்குப் போனவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். செபமாலை சொன்னார்கள், டீ குடித்தார்கள். அதற்கப்புறம் வீட்டில் இரண்டு பேர்தான். பிராங்க் போனதிலிருந்து கிளாடிஸால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டெய்சியால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வயிறு வலி, தலை வலி, கால் வலி என்று அந்த ஆண்டு அவள் பள்ளிக்குப் போன நாட்கள் குறைவு.

அதனால் கிளாடிஸ் தான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வாத்தியம் தேடிக் கிளம்பினாள். கீபோர்டு வாடகைக்குக் கிடைத்தது, கிடார் கிடைத்தது. யூஃபோனியம் என்றதும் கடைக்காரர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் கல்யாண பேண்டு செட் வைத்திருந்த பாலுசாமி கிடைத்தார். அவரிடமும் ஒன்றுதான் இருந்தது. தலையைச் சொறிந்து யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"முகூர்த்த நாள்ல எனக்கு வேணுமுங்க அம்மணி. முந்தின நாளு நானே வந்து எடுத்துக்கறேன். மத்த நாளெல்லாம் அது சும்மாதான் மூலையில கெடக்குது. பாப்பா ஊதிக்கட்டும்."

இப்படித்தான் ஒரு கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையின் வாத்தியச் சாதகம் பஞ்சாங்கத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. ஆடி மாதம் முழுக்க வாத்தியம் வீட்டிலேயே இருந்தது. ஊரில் ஒரு கல்யாணம் கிடையாது. டெய்சி காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஊதினாள். முதலில் மாடு கத்துவதுபோல இருந்தது. பிறகு மாடு கொஞ்சம் ஓய்ந்தது. சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்துக்கு முன்னால் வெள்ளைக் கையுறை போட்டு நின்று வாசித்தாள். வயிற்று வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் பாலுசாமி தன் டி.வி.எஸ். வண்டியில் வந்து வந்து போனார். வாத்தியம் போகும்; மறுநாள் சாயங்காலம் சந்தன வாசனையோடு திரும்பி வரும். சில சமயம் அதன் வாய்க்குள் ரோஜா இதழ்கள் கிடக்கும். டெய்சி அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, துணியால் துடைத்து, ஊத ஆரம்பிப்பாள். வாத்தியம் இல்லாத நாட்களில் மட்டும் அவள் சீக்கிரமே படுத்துவிடுவாள். கிளாடிஸ் அதைக் கவனித்தாள்.

அந்த மாதத்தில்தான் பள்ளிகளுக்கு இடையிலான பேண்டு போட்டி வந்தது. டெய்சியின் பள்ளி மைதானத்திலேயே நடத்துவதாக ஏற்பாடு. தேதி தெரிந்தவுடன் கிளாடிஸ் தினசரி காலண்டரைப் புரட்டினாள். அந்த வெள்ளிக்கிழமைத் தாளின் மூலையில் பொடி எழுத்தில் 'தேய்பிறை முகூர்த்தம்' என்று போட்டிருந்தது. வளர்பிறை முகூர்த்தம் என்று பெரிய எழுத்தில் வரும் நாட்களில்தான் பாலுசாமி வருவார் என்பது அவளுடைய கணக்கு. தேய்கிற நிலாவைப் பார்த்து யார் பெண்ணைக் கட்டிக் கொடுப்பார்கள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். பங்குக் கோயில் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு, "அன்னைக்கு நமக்குத்தான். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க" என்று டெய்சியிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வாத்தியம் வைக்கிற நாற்காலி காலியாக இருந்தது. டெய்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எங்க கண்ணு அது?"

"வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

கிளாடிஸ் செருப்பைக் கூடக் கழற்றாமல் பாலுசாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நாளைக்குப் பாப்பாவுக்குப் போட்டிங்க. நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களே!"

"நாளைக்கு முகூர்த்தமுங்களே அம்மணி. கேலண்டரு பாக்கலீங்களா?"

"பாத்தேங்க. தேய்பிறைன்னு போட்டிருந்துச்சு."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே பாலுசாமி சிரித்துவிட்டார்.

"தேய்பிறையா இருந்தா என்னங்க, முகூர்த்தம் முகூர்த்தந்தானுங்களே! வளர்பிறைல மட்டுந்தான் கண்ணாலம் பண்றதுன்னா, மண்டபத்துக்காரனெல்லாம் மாசத்துல பாதி நாளு பூட்டிப்போட்டுப் படுத்துக்கோணும்."

"எனக்கு அதெல்லாம் எப்படிங்க தெரியும்?"

"ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்க." அவர் குரல் இறங்கியது. "பாப்பாவே கதவத் தொறந்து, தொடச்சு, உறையில போட்டுக் கையில குடுத்துச்சுங்க. நாளைக்குப் போட்டின்னு ஒரு வாய் சொல்லியிருந்தா, நான் வேற எங்கயாச்சும் கேட்டு வாங்கியிருப்பேன். இப்ப வண்டி பல்லடந் தாண்டிப்போச்சு. வெள்ளகோயில்ல கண்ணாலம்."

"நான் வெள்ளகோயிலுக்கே வந்தாத் தருவீங்களா?"

"வெள்ளகோயிலுக்கா! அட, நீங்க ஒண்ணு." சிறிது யோசித்தார். "காலைல ஆறரைக்குத் தாலிங்க. தாலி ஏறிப்போச்சுன்னா எனக்கு அத வெச்சு ஒரு வேலையும் இல்லை. வந்தீங்கன்னா கையில குடுத்துப்போடறேன்."

கிளாடிஸ் கட்டிலருகே போய் நின்றாள். "ஏன் கண்ணு, போட்டின்னு அவர்கிட்டச் சொல்லல?"

"முகூர்த்த நாளுன்னா அவருதுதானே. அப்படித்தானே பேசியிருக்கோம்." டெய்சி திரும்பவில்லை. "நீ ஒண்ணும் போக வேண்டாம். மிதுன் அண்ணன் ஒருத்தரே போதும்னு மாஸ்டர் சொல்லிருவாரு. நான் ஸ்கூலுக்குப் போகல."

"நீ யூனிஃபார்ம் போட்டுட்டு ஸ்கூல் வேன்ல ஏறிப் போ. பத்து மணிக்குத்தான் போட்டி. அதுக்குள்ள நான் அங்க இருப்பேன்."

"அப்பாவும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு."

பிராங்க் கடைசி நாளன்று, சாயங்காலம் டெய்சியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்காருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்கிறவன். ரயில் வராத பிளாட்பாரத்தில் அவனோடு உட்கார்ந்து சலித்துப்போனவள் கிளாடிஸ். அவள் அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினாள். டெய்சி இந்த முறை படுத்தால், திரும்ப எழுப்புவதற்குத் தன்னிடம் இனி எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

விடியுமுன்னே ஆட்டோ பிடித்து சிங்காநல்லூர் போய், முதல் பஸ்ஸில் ஏறினாள். சண்முகப்பிரியாவிடம் சாவி கொடுத்து, பிள்ளையை எழுப்பி வேன் ஏற்றிவிடச் சொல்லியிருந்தாள். காங்கேயம் வரும்போது வெளுத்துவிட்டது. பஸ் எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் கிளாடிஸ் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

மண்டபத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே பேண்டு சத்தம் கேட்டது. டிரம்பெட்டுகளுக்கு அடியில் யூஃபோனியத்தின் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் கேட்ட வாத்தியம்தான். ஆனால் இவ்வளவு சரளமாக அது பேசி அவள் கேட்டதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வாசலில் சந்தனமும் கற்கண்டும் பூவும் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். மணப்பெண்ணின் அத்தை வள்ளியாத்தாள் என்று பிறகு தெரிந்தது. நல்ல உயரம், அதைவிட நல்ல குரல்.

"வாங்க, வாங்க அம்மணி! தனியாவா வந்தீங்க? ஊட்டுக்காரரு வரலீங்களா?"

"இல்லீங்க" என்றாள் கிளாடிஸ்.

"ஆம்பளைங்களுக்கு எப்பப் பாரு வேலை." வள்ளியாத்தாள் மல்லிகைச் சரம் ஒன்றை எடுத்தாள். கிளாடிஸ் வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டையில் செருகிவிட்டாள். "பூவு இல்லாம கண்ணாலத்துக்கு வருவாங்களா? போங்க, போங்க, தாலி கட்டப் போறாங்க."

நவம்பருக்குப் பிறகு கிளாடிஸ் பூ வைக்கவில்லை. யாரும் வைக்கக்கூடாது என்று சொல்லவும் இல்லை, அவளாகத்தான் விட்டாள். நெற்றியில் பொட்டு இல்லாததை வள்ளியாத்தாள் கிறிஸ்தவ வழக்கமென்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கையை உயர்த்திப் பூவை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். நடைபாதையில் ஆட்கள் நெருக்கித் தள்ளினார்கள். எடுக்கவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் பேண்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாலுசாமி அவளைப் பார்த்துக் கண்ணை விரித்தார். நிஜமாகவே வருவாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தாலி ஏறியது, பேண்டு முழங்கியது, அட்சதை விழுந்தது. கிளாடிஸ் நேராகப் போய், "முடிஞ்சுதுங்களாண்ணா?" என்றாள்.

"சித்தெ இருங்க அம்மணி. வாழ்த்து இருக்குது."

கொங்குக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்து என்று ஒன்று உண்டு. அது அவளுக்குத் தெரியாது. ஒரு பெரியவர் எழுந்து பாட்டாகச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பகுதி முடியும்போதும் மேளத்தில் ஒரு தட்டு. மறுபடி தொடங்குவார். ஒவ்வொரு தட்டுக்கும் இதோடு முடிந்தது என்று கிளாடிஸ் பாதி எழுந்தாள். பெண்ணைப் பார்த்தது, சீர் கொண்டுவந்தது, பந்தல் போட்டது என்று பாட்டு நிதானமாக நடந்துகொண்டே இருந்தது.

"எத்தனை நேரமுங்க இது?"

"முழுசாச் சொல்றாருங்க. இந்தக் காலத்துல யாரு முழுசாச் சொல்றாங்க? பாதியிலயே வெட்டிப்போடுவாங்க. இன்னைக்குன்னு பாத்து இவரு..." பாலுசாமிக்கே சங்கடமாக இருந்தது. "முடிஞ்சதும் ஒரு பாட்டு ஊதியாகோணும். பெரியவங்க கோவிச்சுக்குவாங்க."

ஒரு பாட்டும் ஊதி முடிந்து, உறை போட்ட வாத்தியத்தை அவள் கைகளில் வைத்தபோது மணி ஏழேகால் தாண்டியிருந்தது. அவ்வளவு கனம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள். வாசலில் வள்ளியாத்தாள்.

"சாப்படாமப் போறதாச்சு? அதெப்படி?"

"பொண்ணுக்குப் போட்டிங்க. கோயமுத்தூருக்குப் போகோணும்."

"கோயமுத்தூரு எங்கயும் ஓடிப்போயிராது. தம்பிதொரை! இங்க வா. இந்த அம்மணி சாப்படாமப் போறாங்களாமா!"

பெண்ணின் அப்பா தம்பிதுரை வந்தார். எண்ணெய் மில் வைத்திருப்பவர். அன்றைக்கு வெள்ளை வேட்டியில் தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"எங்க ஊட்டுக் கண்ணாலத்துனால ஒரு புள்ளைக்குப் போட்டி போச்சுன்னா அது எங்களுக்கு நல்லதாங்க? நீங்க ரெண்டு இட்லி சாப்பிடுங்க. அதுக்குள்ள காரு எடுக்கச் சொல்றேன். பஸ்ஸுல போனா எப்பப் போய்ச் சேர்றது? கார்ல ஒண்ணரை மணி நேரம்."

அது நியாயமாகத்தான் தெரிந்தது. கிளாடிஸ் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தாள். இட்லி வந்தது, பொங்கல் வந்தது, கேட்காமலே இனிப்பு வந்தது. பக்கத்து இலைக்காரர், "இது என்னங்க, சீரா?" என்று உறையைக் காட்டிக் கேட்டார். அவள் விழுங்கிவிட்டு எழுந்தபோது கார் தயாராகத்தான் நின்றது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் ஒரு வேன். வேனுக்காரன் சாப்பிடப் போயிருந்தான். அவனைத் தேடிப் போனவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். தம்பிதுரை மைக்கில் வண்டி எண்ணைச் சொல்லச் சொன்னார். மைக்கில் மொய் எழுதுகிறவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இதோ ஆச்சுங்க, இதோ" என்றார் தம்பிதுரை. அவருக்கு வியர்த்துவிட்டது. நல்ல மனுஷன், அதனால்தான் அவரிடமிருந்து தப்பிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. சாலையில் கோயமுத்தூர் என்று போர்டு மாட்டிய பஸ் ஒன்று போனது. இன்னொன்று போனது. மூன்றாவது வருவது தூரத்தில் தெரிந்தபோது கிளாடிஸ், "நான் பஸ்ஸுலயே போயிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லுமுன் சாலையைக் கடந்து ஓடினாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. கண்டக்டர் உறையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்கக்கா இது, பெரிய அண்டாவா?"

"ஊதறதுங்க. பேண்டு வாத்தியம்."

"நீங்க ஊதுவீங்களா?"

"எம் பொண்ணு ஊதுவா."

"அப்ப டிரைவருக்கு ஒரு பாட்டு ஊதச் சொல்லுங்க. தூங்கிட்டே ஓட்டறாப்புல!" டிரைவர் திரும்பாமலே ஏதோ திட்டினார். முன்வரிசை சிரித்தது. கிளாடிஸும் சிரிக்க முயன்றாள்.

சண்முகப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"எழுப்பலாம்னு போனேனுங்கக்கா. கதவு வெளியில பூட்டியிருக்குது. உள்ள ஆள் இல்லை. டெய்சிகிட்ட இன்னொரு சாவி இருக்குதுங்களா?"

"இருக்குது. வேன்ல ஏறுனாளா?"

"வேன்காரர்கிட்டக் கேட்டேனுங்க. வரலைன்னாரு."

பல்லடம் வந்தது. பாலம் வேலை நடந்த இடத்தில் பஸ் நின்றது, நின்றபடியே இருந்தது. பள்ளி அலுவலக எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. வேனில் ஏறாத பிள்ளை எங்கே போயிருக்கும்? பவுண்டரி வாசலில் ஒருமுறை போய் நின்றிருக்கிறாள். கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை சைக்கிளில் போயிருக்கிறாள். இரண்டு முறையும் யாரோ அழைத்து வந்து விட்டார்கள். கிளாடிஸ் பங்குக் கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குப் போன் செய்து கல்லறைத் தோட்டத்தில் பார்க்கச் சொன்னாள். பிராங்க் இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு ஏதாவது குறுக்கு வழி சொல்லியிருப்பான். சூலூருக்குள் புகுந்து போ, இப்படிப் போ, அப்படிப் போ. அவன் சொல்கிற வழியில் போனால் எப்போதும் கொஞ்சம் சுற்றுதான். ஆனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், அது போதும் அவனுக்கு. இறங்கி நடந்தே போய்விடலாம்போல இருந்தது. எழுந்து நின்றாள். கண்டக்டர், "உக்காருங்கக்கா, நின்னாப்புல பஸ்ஸு சீக்கிரம் போயிருமா?" என்றார். உட்கார்ந்தாள். தலையிலிருந்த பூச்சரம் எப்போது நழுவி விழுந்தது என்று தெரியவில்லை; சிங்காநல்லூரில் இறங்கி ஆட்டோவுக்கு ஓடியபோது அது இல்லை.

ஆட்டோ பள்ளி வாசலுக்குள் திரும்பும்போதே டிரம் சத்தம் கேட்டது. வேறு ஏதோ பள்ளி என்று நம்ப நினைத்தாள். நீலக் கோட்டு, வெள்ளைப் பட்டை. டெய்சியின் பள்ளிதான். மைதானத்தின் நடுவே குழு நடந்துகொண்டிருந்தது. கிளாடிஸ் கயிற்றுக்கு வெளியே நின்ற பெற்றோர் கூட்டத்துக்குள் உறையோடு முண்டி முன்னால் வந்தாள்.

மூன்றாவது வரிசையில் மிதுன் யூஃபோனியம் வாசித்துக்கொண்டு போனான். அவனுக்குப் பக்கத்தில் டெய்சி. தலையில் தொப்பி, வெள்ளைக் கையுறை. கைகளில் ஒன்றும் இல்லை. இல்லாத வாத்தியத்தை இடது கையால் அணைத்து, வலது கையின் மூன்று விரல்களை அந்தரத்தில் அழுத்தி எடுத்துக்கொண்டு, கன்னம் உப்ப, கால் பிசகாமல் நடந்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?" என்று ஒரு குரல் கேட்டது. டெய்சி நேராகப் பார்த்துக்கொண்டு திரும்பும் இடத்தில் திரும்பினாள், நிற்கும் இடத்தில் நின்றாள். கடைசிச் சுரத்துக்கு அவள் விரல்கள் மிதுனின் விரல்களோடு ஒன்றாக எழுந்தன.

கிளாடிஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

குழு வெளியே வந்ததும் தேவானந்தம் மாஸ்டர்தான் முதலில் அவளிடம் வந்தார். ராணுவ பேண்டில் இருந்தவர், எப்போதும் விறைப்பாக நிற்பவர். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"காலைல வாட்ச்மேன் கேட்டைத் திறக்குறப்ப வந்து நின்னுட்டு இருந்துச்சாம்மா. நடந்தே வந்திருக்குது. அம்மா வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சு. எங்க பேரைக் கூப்பிட்டாங்க. வாத்தியம் இல்லைன்னா நீ உக்காரு பாப்பான்னேன். நான் போனா வரிசையில ஓட்டை விழும் சார், நின்னே ஆவேன்னு நின்னுருச்சு. மார்க் போகத்தான் போகும். என்னால மாட்டேன்னு சொல்ல முடியல."

அவருக்குப் பின்னால் டெய்சி வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் நசுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து வியர்த்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் நின்றாள்; பிறகு கத்தினாள்.

"எங்கம்மா போன நீ? பத்து மணின்னுதானே சொன்ன? எத்தனை தடவை கேட்டைக் கேட்டைப் பாத்தேன் தெரியுமா? எல்லாரும் சிரிச்சாங்க!"

பக்கத்தில் நின்ற பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா போன பிறகு டெய்சி யாரிடமும் இப்படிக் குரலுயர்த்தியதில்லை.

"அங்க விடமாட்டேன்னுட்டாங்க கண்ணு. சாப்பிடு சாப்பிடுன்னு..."

"சாப்டியா? நான் இங்க கையை வீசிட்டு நின்னேன், நீ அங்க உக்காந்து சாப்டியா?"

"இட்லிதான்" என்றாள் கிளாடிஸ். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான பதில் என்று உறைத்தது.

டெய்சி அவள் கையிலிருந்து உறையைப் பிடுங்கினாள். ஜிப்பை இழுத்துத் திறந்து, வாத்தியத்தை எடுத்து, கவிழ்த்து ஒரு உதறு உதறினாள். நாற்காலிகள் அடுக்கியிருந்த ஷாமியானாவின் பின்பக்கம் போய்க் காலை அகட்டி நின்றாள். மூச்சை இழுத்து ஊதினாள்.

மைதானத்தில் அடுத்த பள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய டிரம் தொடங்குவதற்கு முன்னால், கனத்த ஒற்றைக் குரலாக, அணிவகுப்புப் பாட்டில் யூஃபோனியத்தின் பங்கு மட்டும் எழுந்தது. மேளம் இல்லை, டிரம்பெட் இல்லை. மற்றவர்கள் வாசிக்கும் இடங்களில் அது வெறுமனே காத்திருந்து, மறுபடி தொடர்ந்தது. நடுவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். அடையாள அட்டை மாட்டிய ஒரு இளைஞன் ஓடி வந்தான்.

"யாரும்மா அது? நிறுத்துங்க, நிறுத்துங்க! அடுத்த டீம் ஆரம்பிக்குது. உங்க ஸ்கூலுக்குத்தான் மார்க் குறைப்பாங்க."

கிளாடிஸ் அவனுக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"குறைச்சுக்கட்டுங்க தம்பி."

"அதில்லீங்கம்மா, ரூல்ஸ்..."

"தெரியுதுங்க. தப்புத்தானுங்க. இன்னும் கொஞ்சந்தான் இருக்குது, ஊதி முடிச்சுருவா."

அவன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் தொப்பியில் ஒட்டாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவன் கிளாடிஸைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். அவளும் கூடவே நகர்ந்தாள். அந்தப் பக்கம் வந்தான்; அந்தப் பக்கமும் நகர்ந்தாள்.

வேகமாகப் போகிற இடத்தில் டெய்சியின் விரல் பிசகியது. வாத்தியம் கரகரத்து நின்றது. இளைஞன், "அப்பாடா" என்றான். டெய்சி உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.